வயர் வேண்டாம், வண்டி நின்றால் போதும்!

(நமது மும்பை நிருபர்)

கம்பியில்லாத் தந்தி வந்தபோது உலகம் மூக்கின் மேல் விரலை வைத்தது. பிறகு ரேடியோ வந்தது. அதன் பிறகு கம்பியில்லாத டெலிபோன் வந்து நம் சட்டைப் பைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது. இப்போது மின்சாரமே கம்பியில்லாமல் வரத் தொடங்கியிருக்கிறது. மின்சாரக் காரைக் கொண்டுபோய் ஒரு குறிப்பிட்ட இடத்தில் நிறுத்தினால் போதும். பிளக்கைச் செருக வேண்டாம். வயரை இழுக்க வேண்டாம். தரையில் பதித்துள்ள தட்டிலிருந்து காரின் அடிவயிற்றுக்கு மின்சாரம் தாவும். பேட்டரி நிரம்பத் தொடங்கும்.

கேட்பதற்குக் கண்கட்டு வித்தை போல இருக்கிறது. ஆனால் இதில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக விஞ்ஞானிகளுக்குத் தெரிந்த சங்கதிதான்.

மும்பையில் வசிக்கும் நம்மவர்களுக்கு இதில் என்ன அக்கறை என்று வாசகர்கள் கேட்கலாம். சொந்தக் காரும் அதை நிறுத்த ஷெட்டும் உள்ளவர்கள் நம்மில் எத்தனை பேர்? நியாயமான கேள்வி. ஆனால் டாக்சி, ஆட்டோ, டெம்போ ஓட்டிப் பிழைப்பவர்கள் தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் செம்பூரிலும் ஏராளம். அவர்களுடைய வண்டிகள் இன்றோ நாளையோ மின்சாரத்துக்கு மாற வேண்டியவைதான். அப்படி மாறும்போது எங்கே சார்ஜ் ஏற்றுவது, எப்போது ஏற்றுவது, என்ன செலவாகும் என்பதெல்லாம் அவர்களுக்கு வயிற்றுப்பாட்டுக் கேள்விகள். இந்தப் புதிய முறையால் உண்மையில் அதிகப் பலன் பெறக்கூடியவர்கள் பங்களாவாசிகள் அல்ல, இவர்கள்தான்.

பாரடே போட்ட பிள்ளையார் சுழி

1831-ம் ஆண்டில் இங்கிலாந்து விஞ்ஞானி மைக்கேல் பாரடே ஓர் இரும்பு வளையத்தை எடுத்துக்கொண்டார். அதன் ஒரு பக்கத்தில் ஒரு கம்பிச் சுருளும் மறுபக்கத்தில் இன்னொரு கம்பிச் சுருளும் சுற்றினார். இரண்டு சுருள்களும் ஒன்றையொன்று தொடவில்லை. முதல் சுருளைப் பேட்டரியோடு இணைத்தபோதும், இணைப்பை எடுத்தபோதும், இரண்டாவது சுருளோடு சேர்ந்த கருவியின் முள் துள்ளியது. ஒரு கம்பியில் மின்சாரம் மாறும்போது அதைச் சுற்றிக் காந்த சக்தியும் மாறுகிறது. அந்தக் காந்த மாற்றம் பக்கத்துச் சுருளில் மின்சாரத்தை உண்டாக்குகிறது. இதுதான் அவர் கண்ட உண்மை.

தெருமுனையில் நிற்கும் டிரான்ஸ்பார்மர் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. நம் ரயில் எஞ்சினுக்குள்ளும் அது உண்டு. மேல்கம்பியில் வரும் 25,000 வோல்ட் மின்சாரத்தை எஞ்சினுக்குத் தகுந்த அளவுக்குக் குறைத்துக் கொடுப்பது அதுவே. வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு வைத்திருக்கும் தாய்மார்களுக்கு இன்னும் எளிதாக விளங்கும். அந்த அடுப்பில் நெருப்பு இல்லை. கண்ணாடித் தட்டுக்குக் கீழே ஒரு செம்புச் சுருள் இருக்கிறது. அது எழுப்பும் காந்த சக்தி, பாத்திரத்தின் அடியிலேயே மின்சாரத்தை உண்டாக்கிச் சூடேற்றுகிறது. பாத்திரத்தின் இடத்தில் இன்னொரு செம்புச் சுருளை வைத்து, வரும் மின்சாரத்தைச் சூடாக்காமல் பேட்டரியில் ஏற்றினால், அதுதான் வயரில்லாச் சார்ஜிங்.

ஊஞ்சல் தத்துவம்

ஆனால் ஒரு சிக்கல். டிரான்ஸ்பார்மரில் இரண்டு சுருள்களுக்கும் நடுவே இரும்பு இருக்கிறது. காந்த சக்தி சிதறாமல் போய்ச் சேர்கிறது. காருக்கும் தரைக்கும் நடுவே இருப்பதோ வெறும் காற்று. இடைவெளி சுமார் 10 சென்டிமீட்டரிலிருந்து 25 சென்டிமீட்டர் வரை. ஒரு சாண் தூரம்தான் என்றாலும் அதற்குள் காந்த சக்தி நாலாபுறமும் சிதறிவிடும்.

இதற்கு விஞ்ஞானிகள் இரண்டு வழிகளைக் கையாள்கிறார்கள். முதலாவது, வேகம். நம் வீட்டு மின்சாரம் ஒரு வினாடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் மாறுகிறது. கார் சார்ஜிங்கில் அதை வினாடிக்குச் சுமார் 85,000 தடவை மாறும்படி செய்கிறார்கள். அதாவது 1,700 மடங்கு. மாற்றம் வேகமாக இருந்தால், சிதறியது போக மிஞ்சும் காந்த சக்தியே தேவையான மின்சாரத்தைக் கொடுத்துவிடும்.

இரண்டாவது வழி, ஊஞ்சல் தத்துவம். ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கும் குழந்தையை நேரம் பார்த்து ஒரு விரலால் தள்ளினாலும் ஊஞ்சல் உயர உயரப் போகும். நேரம் தவறித் தள்ளினால் கைதான் வலிக்கும். அதுபோலத் தரைச் சுருளையும் கார்ச் சுருளையும் ஒரே தாளத்துக்கு இசைத்துவிட்டால், இடைவெளியைத் தாண்டியும் சக்தி நன்றாகப் போய்ச் சேரும். 2007-ம் ஆண்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில் மாரின் சோல்யாசிச் என்ற பேராசிரியரின் குழு, 2 மீட்டர் தூரத்தில் இருந்த 60 வாட் பல்பை இந்த முறையில் எரித்துக் காட்டியது. அப்போது போய்ச் சேர்ந்தது அனுப்பியதில் சுமார் 40 சதவீதம்தான். காருக்கு வேண்டிய தூரம் ஒரு சாண்தான் என்பதால், இன்றைய சாதனங்களில் 90 சதவீதத்தை ஒட்டிப் போய்ச் சேர்கிறது.

காருக்குள் வந்த மின்சாரத்தை நேர் மின்சாரமாக மாற்றிப் பேட்டரிக்குக் கொடுக்க ஒரு பெட்டி இருக்கிறது. இதற்கிடையே காரும் தரைத்தட்டும் ரேடியோ அலை மூலம் பேசிக்கொள்கின்றன. "நான் வந்துவிட்டேன், இவ்வளவு வேண்டும்" என்று கார் சொன்னால்தான் தட்டு வேலையைத் தொடங்கும். "போதும்" என்றால் நிறுத்திவிடும்.

முதலில் நினைத்தது ரயிலுக்கு

வேடிக்கை என்னவென்றால், இந்த யோசனை முதலில் காருக்காக எழவில்லை. 1894-ம் ஆண்டில் மாரிஸ் ஹூடின், மாரிஸ் லெப்லான் என்ற இரண்டு பிரெஞ்சு என்ஜினீயர்கள், தொடாமலே ரயில் வண்டிக்கு மின்சாரம் கொடுக்கும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார்கள். ஆனால் உலகம் வேறு பாதையில் போயிற்று. அதற்கு அடுத்த ஆண்டு, 1895-ல், சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. ஆரம்பத்தில் தரைக்கடியில் அமைத்த கால்வாய்க்குள் இருந்த கம்பியிலிருந்து அதற்கு மின்சாரம் எடுத்தார்கள். பின்னர் மேல்கம்பிக்கு மாறினார்கள். 1953-ல் அந்த டிராமே நின்றுபோனது. 1925 பிப்ரவரி 3-ம் தேதி இந்தியாவின் முதல் மின்சார ரயில் பம்பாய் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு ஓடியது. அதுவும் மேல்கம்பியை உரசித்தான் மின்சாரம் எடுத்தது. இன்றைய லோக்கல் ரயிலும் அப்படித்தான்.

நிக்கோலா டெஸ்லா என்ற மேதை உலகம் முழுவதற்கும் கம்பியில்லாமல் மின்சாரம் அனுப்பலாம் என்று கனவு கண்டார். 1901-ல் நியூயார்க்கை அடுத்த லாங் தீவில் அதற்காகக் கோபுரம் கட்டத் தொடங்கினார். பணம் கொடுத்தவர்கள் கையை விரித்துவிட்டார்கள். 1917-ல் அந்தக் கோபுரம் இடித்துத் தள்ளப்பட்டது. கடல் கடந்து அனுப்ப நினைத்தவர் தோற்றார். ஒரு சாண் தூரம் அனுப்ப நினைத்தவர்கள் ஜெயித்தார்கள்.

பாதை அகலம் சொல்லும் பாடம்

1996-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி இ.வி.-1 என்ற மின்சாரக் காரை வெளியிட்டது. உலோகம் உலோகத்தைத் தொடாமல், பிளாஸ்டிக் மட்டை போன்ற ஒன்றைக் காரின் முன்புறத் துவாரத்தில் செருகிக் காந்த முறையில் அதற்குச் சார்ஜ் ஏற்றினார்கள். மழையில் நனைந்தாலும் ஷாக் அடிக்காது. ஆனால் மற்ற கம்பெனிகள் சில வேறு முறையைப் பின்பற்றின. கடைசியில் 2001-ல் கலிபோர்னியாவின் காற்று வள வாரியம் உலோகம் தொடும் பிளக் முறையையே பொது முறையாக நிர்ணயித்தது. காந்த மட்டை மூலைக்குப் போய்விட்டது.

நல்ல சரக்காக இருந்தாலும் எல்லோருக்கும் பொதுவான அளவு இல்லாவிட்டால் எடுபடாது என்பதற்கு இது உதாரணம். ரயில்வேயில் இருப்பவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு பக்கம் 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதை, இன்னொரு பக்கம் 1,000 மில்லிமீட்டர் மீட்டர் கேஜ். இரண்டும் சந்திக்கும் ஜங்ஷனில் மூட்டை முடிச்சோடு இறங்கி வண்டி மாறிய அனுபவம், ஊருக்குப் போய்வந்த நம்மவர்கள் அனைவருக்கும் உண்டு. 1992-ல் ஒரே அகலப் பாதைத் திட்டம் வந்த பிறகுதான் அந்த அவதி குறையத் தொடங்கியது.

வயரில்லாச் சார்ஜிங்குக்கும் இப்போது ஒரு பொது அளவு பிறந்திருக்கிறது. அமெரிக்க மோட்டார் என்ஜினீயர்கள் சங்கம் 2020-ல் ஜே-2954 என்ற விதியை வெளியிட்டது. 11 கிலோவாட் வரை எந்தக் கம்பெனித் தட்டின் மீதும் எந்தக் கம்பெனிக் காரையும் நிறுத்திச் சார்ஜ் ஏற்ற வழி செய்வதே இதன் நோக்கம். ஒரு கிலோவாட் வீதம் ஒரு மணி நேரம் ஏற்றினால் ஒரு யூனிட்; ஆக 11 கிலோவாட் என்றால் மணிக்கு 11 யூனிட்.

கார் கம்பெனிகளும் சும்மா இல்லை. 2018-ல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. தன் 530-இ மாடலுக்கு 3.2 கிலோவாட் தட்டு ஒன்றைக் கொடுத்தது. 2025-ல் போர்ஷே கம்பெனி தன் மின்சாரக் கயேன் காருக்கு 11 கிலோவாட் தட்டை அறிவித்தது. இவையெல்லாம் ஷெட்டில் ராத்திரி முழுவதும் தூங்கும் பணக்காரக் கார்கள். உண்மையைச் சொன்னால், அவற்றுக்கு இது ஒரு சொகுசு. ராத்திரி ஒரு தடவை பிளக்கைச் செருகுவதில் யாருக்கும் இடுப்பு ஒடிந்துவிடாது. குனிந்து நிமிர முடியாத முதியவர்களுக்கும் ஊனமுற்றவர்களுக்கும் மட்டும் அது மெய்யான உபகாரம்.

நின்று நின்று ஓடும் வண்டிகள்

இந்த முறையின் அருமை தெரிவது, நாள் முழுவதும் நின்று நின்று ஓடும் வண்டிகளில்தான்.

இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸ் என்ற ஊரில் 2014 ஜனவரியில் 8 மின்சார பஸ்களை இப்படி இயக்கத் தொடங்கினார்கள். 24 கிலோமீட்டர் நீள வழித்தடம். இரண்டு முனைகளிலும் தரைக்குள் சுருள் பதித்திருந்தார்கள். முனையில் பஸ் நிற்கும் 10 நிமிடத்தில், ஒரு நடைக்குச் செலவான சக்தியில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறிவிடும். டிரைவர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் வேலை முடிந்துவிடும்.

தென் கொரியாவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கைஸ்ட் என்ற விஞ்ஞானத் தொழில்நுட்பக் கழகத்தார் 2013-ல் குமி நகரில், ஓடும்போதே சார்ஜ் ஏறும் பஸ்கள் இரண்டை விட்டார்கள். 24 கிலோமீட்டர் பாதை முழுவதையும் தோண்டவில்லை. அதில் 5 முதல் 15 சதவீதம் வரை சுருள் பதித்தால் போதும் என்று கணக்கிட்டார்கள். சாலைக்கும் பஸ்ஸுக்கும் இடைவெளி 17 சென்டிமீட்டர். அந்த பஸ் மேலே வரும்போது மட்டும் சுருளில் மின்சாரம் பாயும். மற்ற வண்டிகள் போனால் பாயாது. அடிக்கடி ஏற்றிக்கொள்வதால் பஸ்ஸுக்குப் பெரிய பேட்டரி தேவைப்படவில்லை. மின்சார வண்டியில் விலை அதிகமான பொருளே பேட்டரிதான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

சுவீடனில் காட்லாந்து தீவில் 1.6 கிலோமீட்டர் நீளத்துக்கு இத்தகைய சாலையைப் போட்டு பஸ்ஸையும் லாரியையும் ஓட்டிப் பார்த்தார்கள். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 2023 நவம்பரில் ஒரு பொதுத் தெருவில் சுமார் 400 மீட்டர் நீளம் சுருள் பதித்துத் திறந்தார்கள். ஆனால் சாலை நெடுகச் செம்பைப் புதைப்பது லேசான செலவல்ல. ஓடும்போது ஏற்றுவது எதிர்கால விஷயம். நிற்கும்போது ஏற்றுவது இன்றைக்கே நடக்கக்கூடியது.

டாக்சி வரிசைக்கே இதைக் கொண்டுபோகும் திட்டம் நார்வே தலைநகர் ஆஸ்லோவில் 2020-ல் அறிவிக்கப்பட்டது. சவாரிக்காக டாக்சிகள் காத்து நிற்கும் இடத்திலேயே தட்டுகள். 25 ஜாகுவார் மின்சாரக் கார்கள் அதற்கு ஒதுக்கப்பட்டன.

மாட்டுங்கா ஸ்டாண்டில்

மாட்டுங்காவில் டாக்சி ஓட்டும் திருநெல்வேலிக்காரர் ஒருவரிடம் இந்த ஆஸ்லோ சங்கதியைச் சொன்னேன். இருபது வருஷத்துக்கு மேல் இந்த ஊரில் ஸ்டியரிங் பிடித்தவர்.

"சி.என்.ஜி. வரிசையில நிக்கிறதுலயே பாதிப் பொழுது போயிடுது தம்பி. கரண்டு வண்டி வாங்கினா ராத்திரி சார்ஜ் போடணுங்கிறாங்க. என் வண்டி ராத்திரி தெருவுல நிக்குது. நான் நாலாவது மாடியில இருக்கேன். அங்கேயிருந்து வயரைத் தொங்கவிடவா முடியும்?" என்றார்.

"வயரே வேண்டாம் அண்ணாச்சி. ஸ்டாண்டில் வரிசையில் நிற்கும்போதே ஏறும்."

அவர் சிரித்தார். "அப்படின்னா சரிதான். நான் எப்படியும் ஸ்டாண்டுலதானே நிக்கிறேன்! ஆனா காசு யாரு போடுவா?"

பெரிய பெரிய அறிக்கைகள் சொல்லாததை அவருடைய இரண்டு வாக்கியங்கள் சொல்லிவிட்டன. காத்திருக்கும் நேரம்தான் டாக்சிக்காரருக்கு நஷ்டம். அந்த நேரத்தையே சார்ஜ் ஏற்றும் நேரமாக்கினால் நஷ்டம் லாபமாகிறது.

செய்கூலி, சேதாரம்

நகை வாங்கப் போனால் தங்கத்தின் விலையோடு செய்கூலி, சேதாரம் என்று இரண்டு இனங்கள் சேரும். இதிலும் அப்படித்தான்.

முதலில் சேதாரம். வயரில் ஏற்றினாலும் சார்ஜரில் கொஞ்சம் வீணாகும். வயரில்லாமல் ஏற்றும்போது அதைவிட 100-க்கு 5 யூனிட் கூடுதலாக வீணாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு டாக்சிக்குத் தினம் 20 யூனிட் என்றால் வீணாவது ஒரு யூனிட். மாதம் 25 நாளுக்கு 25 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்று கணக்குக்காக எடுத்துக்கொண்டால் 250 ரூபாய். காத்து நின்று தவறவிடும் சவாரிகளோடு ஒப்பிட்டால் இது பெரிதல்ல. ஆனால் ஆயிரம் டாக்சிகளுக்கு மாதம் 25,000 யூனிட் என்பதை மின்சார வாரியம் மறக்க முடியாது. வண்டியைத் தட்டுக்கு நேராக நிறுத்தாமல் கோணலாக நிறுத்தினால் சேதாரம் இன்னும் கூடும்.

அடுத்தது செய்கூலி. வண்டிக்கு ஒரு சுருள், தரைக்கு ஒரு சுருள், வேகத்தைக் கூட்டும் பெட்டி என்று எல்லாம் சேர்ந்து சாதாரண பிளக்கைவிட விலை கூடுதல். பங்களாவில் ஒரு காருக்கு ஒரு தட்டு. அதன் செலவு முழுவதும் அந்த ஒரு காரின் தலையில். ஸ்டாண்டிலோ ஒரு தட்டின் மீது நாள் முழுவதும் வண்டிகள் மாறி மாறி நிற்கும். செலவு பலர் தலையில் பிரிந்துவிடும். பொது ஸ்டாண்டே இதற்கு ஏற்ற இடம் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

ஆபத்து உண்டா?

தட்டுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு நாணயமோ தகர டப்பாவோ கிடந்தால் இண்டக்‌ஷன் அடுப்பில் வைத்த பாத்திரம் போலச் சூடேறும். வண்டிக்கடியில் பூனை போய்ப் படுத்துக்கொள்ளலாம். இவற்றைக் கண்டுபிடித்து மின்சாரத்தை நிறுத்தும் காவல் கருவிகள் தட்டில் இருக்க வேண்டும். மனித உடம்பைப் பொறுத்தவரை, பொதுமக்கள் மீது படும் காந்தப்புலம் இந்த வேகத்தில் 27 மைக்ரோ டெஸ்லாவைத் தாண்டக்கூடாது என்று சர்வதேச நிபுணர் குழு 2010-ல் வரம்பு கட்டியிருக்கிறது. டெஸ்லாவின் கோபுரம் போனாலும் பேர் நிலைத்துவிட்டது! இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களுக்கான பாதுகாப்பும் ஜே-2954 விதியில் கவனிக்கப்பட்டிருக்கிறது.

மும்பைவாசிக்கு வரும் சந்தேகம் மழை. காந்த சக்திக்குத் தண்ணீர் தடையல்ல. சுருளைத் தண்ணீர் புகாமல் மூடிவிடுகிறார்கள். வெளியே தெரியும் உலோக முனையே இல்லாததால் ஷாக் பயமும் இல்லை. ஆனால் மின்சாரத்தின் வேகத்தைக் கூட்டும் பெட்டியை உயரத்தில் வைக்க வேண்டும். 2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிய ஊர் இது.

நாக்பூரின் பங்கு

இது வெளிநாட்டுச் சரக்கு மட்டுமல்ல. நமது மகாராஷ்டிர மாநிலத்தின் நாக்பூரில் உள்ள விஸ்வேஸ்வரய்யா தேசியத் தொழில்நுட்பக் கழகமும், திருவனந்தபுரத்தில் உள்ள சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனமும் சேர்ந்து சுதேசி வயரில்லாச் சார்ஜர் ஒன்றை உருவாக்கியிருக்கின்றன. 2025-ல் அதன் தொழில்நுட்பம் தயாரிப்புக்காக விசாகப்பட்டினம் கம்பெனி ஒன்றுக்குக் கொடுக்கப்பட்டது. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரமே இதற்குப் போதும். சக்தி 1.5 கிலோவாட், இடைவெளி 12.5 சென்டிமீட்டர், திறன் 89.4 சதவீதம், சுமார் மூன்று மணி நேரத்தில் பேட்டரி 90 சதவீதம் வரை நிரம்பும்.

இதில் கவனிக்க வேண்டியது, இது 48 வோல்ட் பேட்டரிக்கானது. மின்சார ரிக்‌ஷாக்களில் சாதாரணமாக உள்ள அளவு அதுதான். ஒரு கணக்குப் பார்ப்போம். குர்லா டெர்மினஸ் வாசலில் கோயம்புத்தூர் வண்டிக்காக ஒரு மின்சார ஆட்டோ 20 நிமிடம் நிற்கிறது. தட்டின் மீது நின்றால் அரை யூனிட் ஏறும். அதைக்கொண்டு ஆறேழு கிலோமீட்டர் ஓடலாம் என்று தோராயமாகச் சொல்லலாம். அதாவது, ஒரு சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்திலேயே அந்தச் சவாரிக்கு வேண்டிய மின்சாரம் ஏறிவிடுகிறது.

யாருக்கு முதலில்?

2024 அக்டோபரில் அமெரிக்காவின் டெஸ்லா கம்பெனி டிரைவரே இல்லாத டாக்சி ஒன்றைக் காட்டியது. அதில் பிளக் துவாரம் கிடையாது. வயரில்லாமல்தான் சார்ஜ் ஏறும் என்றார்கள். பிளக்கைச் செருக ஆளில்லாத வண்டிக்கு வேறு வழி ஏது? ஒரே கண்டுபிடிப்பு, டிரைவரை வேண்டாம் என்று சொல்லவும் பயன்படும்; டிரைவரின் வருமானத்தைக் கூட்டவும் பயன்படும். எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

டாக்சி, ஆட்டோ சங்கங்கள் மீட்டர் கட்டணத்துக்காகக் குரல் கொடுப்பது போல இதற்காகவும் இப்போதே குரல் கொடுக்கலாம். தட்டுகளை நாளைக்கே பதிக்க வேண்டும் என்பதில்லை. மும்பையில் 2023 முதல் சாலைகளைக் கான்கிரீட் ஆக்கும் பணி பெரிய அளவில் நடந்து வந்திருக்கிறது. ரயில் நிலைய வாசல்களும் புதுப்பிக்கப்படுகின்றன. கான்கிரீட் போட்ட மறுமாதமே அதைத் தோண்டும் காட்சி இந்த ஊருக்குப் புதிதல்ல. புதிய ஸ்டாண்டு கட்டும்போதே, பழைய ஸ்டாண்டுக்குத் தளம் போடும்போதே, பின்னால் மின்கம்பி இழுக்க ஒரு வெறும் குழாயைத் தரைக்குள் விட்டுவைத்தால் போதும். அதற்கு ஆகும் செலவு சொற்பம்.

"காசு யாரு போடுவா?" என்று மாட்டுங்கா அண்ணாச்சி கேட்ட கேள்விக்கு மாநகராட்சியும் ரயில்வேயும் மின்சாரக் கம்பெனிகளும் உட்கார்ந்து பேசித்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தக் குழாய் பேச்சு முடியும்வரை காத்திருக்கும்; கான்கிரீட் காத்திருக்காது.